வாழைப்பழத்துக்கு மசியாத மலச்சிக்கல்

மலச்சிக்கல் என்றால் நம் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் தெரியும். ராத்திரி ஒரு வாழைப்பழம், காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர், அதற்கும் மசியாவிட்டால் விளக்கெண்ணெய். சாப்பாட்டிலும் பழக்கத்திலும் நேர்ந்த பிசகால் வருகிற சிக்கலுக்கு இவை ஓரளவு கேட்கவும் செய்யும். மாத்திரையால் வருகிற சிக்கல் வேறு ரகம். வலிக்கோ, மனநலத்துக்கோ, ரத்தசோகைக்கோ, சிறுநீரகத்துக்கோ மாதக்கணக்கில் மருந்து எடுப்பவரின் குடலை அந்த மருந்தே மந்தப்படுத்தியிருந்தால், சீப்புக் கணக்கில் பழம் தின்றாலும் பலன் சொற்பம்தான். சில மருந்துகளின் விஷயத்தில், நார்ச்சத்தைக் கூட்டுவதே நிலைமையை மோசமாக்கிவிடும்.

இதில் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று விரல்நுனியில் வைத்திருப்பவர்கூட, ‘மோஷன் எப்படிப் போகுது?’ என்று டாக்டர் கேட்டால், ‘பரவாயில்ல சார்’ என்று எழுந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும், எந்த மாத்திரை மேல் சந்தேகமோ அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார். மலச்சிக்கலைவிட இப்படி நிறுத்துவதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். கர்ப்பிணியின் ரத்தசோகை அப்படியே நிற்கும். அடங்கியிருந்த மனநோய் திரும்பும். புற்றுநோய்க்காரர் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். இத்தனைக்கும், மருந்தை நிறுத்தாமலேயே இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

எதை மலச்சிக்கல் என்பது?

தினமும் விடிந்ததும் போயே ஆக வேண்டும் என்று மருத்துவத்தில் சட்டம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்புக் கணக்கில் அடங்கும். வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது, போகிறபோதெல்லாம் முக்க வேண்டியிருப்பது, புழுக்கை புழுக்கையாக விழுவது, போய்வந்த பிறகும் பாதி உள்ளேயே நிற்கிற உணர்வு இருப்பது, இவையெல்லாம் மலச்சிக்கல்தான். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை செய்தார்கள். 1997இல் வெளியான அந்த பிரிஸ்டல் அட்டவணையை இன்று உலகெங்கும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒன்றும் இரண்டும் இறுகிய மலம். மூன்றும் நான்கும் நல்ல நிலை. ஆறும் ஏழும் வயிற்றுப்போக்கு. கூச்சப்படுகிறவர்களுக்கு இது நல்ல வழி. வர்ணிக்கத் தேவையில்லை, எண்ணைச் சொன்னால் போதும்.

காரணம் மருந்துதானா என்று கண்டுபிடிக்க முதல் தடயம் தேதி. புது மாத்திரை தொடங்கி, அல்லது பழைய மாத்திரையின் அளவைக் கூட்டி, சில நாள்களிலோ சில வாரங்களிலோ வழக்கம் மாறியிருந்தால் அந்த மருந்தின் மேல் சந்தேகப்படலாம். இரண்டாவது தடயம் வாய். நாக்கு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வாய் வறண்டு, அதே சமயத்தில் மலமும் இறுகினால், இரண்டுக்கும் ஒரே மாத்திரை காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஏன் என்பது பின்னால் வரும்.

குடலுக்குள் நடப்பது

நம் குடலுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் நீர் இறங்குகிறது. அதில் நாம் குடித்தும் சாப்பிட்டும் சேர்ப்பது ஏறக்குறைய 2 லிட்டர். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். பெரும்பங்கைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ள, பெருங்குடலுக்கு வந்து சேர்வது ஒன்று, ஒன்றரை லிட்டர். கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிதான். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் வழியாகக் கழிவு நகர்ந்துகொண்டிருக்கும்போதே நீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் காயப்போட்ட கூழ்வற்றல் எவ்வளவு நேரம் வெயிலில் கிடக்கிறதோ அவ்வளவு இறுகுவதைப்போல, கழிவும் பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இறுகும்.

ஆகவே மருந்து மலத்தைக் காயவைக்க வேண்டியதில்லை. குடலின் நடையைக் குறைத்தாலே போதும், மீதியைக் குடலே செய்துவிடும். ‘தண்ணி குடி, தண்ணி குடி’ என்கிற அறிவுரை இந்த இடத்தில் ஏன் பெரிதாக உதவுவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ளும், உடலுக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் சிறுநீராக அனுப்பிவிடும். உடலில் நீர் வற்றியிருப்பவருக்குத் தண்ணீர் மருந்து. போதுமான அளவு குடிக்கிறவர் மேலும் இரண்டு செம்பு குடித்தால் பாத்ரூமுக்குக் கூடுதலாகப் போவார், அவ்வளவுதான்.

குடல் தசையை நகர்த்துவது குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் ஒரு நரம்பு வலை. அந்த நரம்புகள் தசையைச் சுருங்கச் சொல்லி அனுப்பும் முக்கியமான ரசாயனம் அசிட்டைல்கோலின். எச்சில் சுரக்கச் சொல்வதும் அதே ரசாயனம்தான். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து எந்த நோய்க்காகக் கொடுக்கப்பட்டாலும், வாயையும் உலர்த்தும், குடலையும் மந்தமாக்கும். முன்னால் சொன்ன வாய்த் தடயத்தின் காரணம் இது.

வலி மருந்தின் கணக்கு

மார்ஃபின், டிரமடால், டாபென்டடால், கோடீன், ஃபென்டனில் பட்டை ஆகியவை ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள். மூளையில் வலியை அடக்கும் அதே ஏற்பிகள் குடல் சுவரிலும் நிறைய இருக்கின்றன. அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து மூன்று காரியம் செய்யும்: குடலின் முன்தள்ளும் அசைவைக் குறைக்கும், குடல் நீர் சுரப்பதைக் குறைக்கும், ஆசனவாய்த் தசையை இறுக்கும். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற லோபரமைடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வழக்கமான அளவில் அது மூளைக்குள் போய் வேலை செய்யாது, குடலோடு நின்றுவிடும். லோபரமைடுக்கு வேலையாக இருப்பதுதான் மார்ஃபினுக்குப் பக்கவிளைவு.

மார்ஃபின் தொடங்கியதும் சிலருக்கு வாந்தி வரும், தூக்கம் தள்ளும். சில நாள்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும். மலச்சிக்கலுக்கு மட்டும் உடம்பு பழகுவதே இல்லை. மருந்து இருக்கிறவரை அது இருக்கும், மருந்து கூடினால் அதுவும் கூடும். அதனால்தான் வலி மருந்தை எழுதும் அன்றே மலமிளக்கியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது வலிதணிப்புச் சிகிச்சையின் பாலபாடம். சிக்கல் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதற்கு இதில் இடமில்லை. நீண்டநாள் ஓபியாய்டு எழுதிய சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால், ‘மோஷனுக்கு எதுவும் எழுதலையே டாக்டர்?’ என்று கேட்பதில் தப்பே கிடையாது.

எந்த மலமிளக்கி என்பதும் முக்கியம். இங்கே இசப்கோல் சரிவராது. இசப்கோல் தண்ணீரில் ஊறிப் பருமனாகி, குடல் சுவரை விரித்து, ‘தள்ளு’ என்று தூண்டும் பொருள். தள்ளுகிற சக்தியையே மருந்து முடக்கியிருக்கும்போது பருமனைக் கூட்டினால் அடைப்புக்குத்தான் வழி. படுத்த படுக்கையாகி, தண்ணீரும் அதிகம் குடிக்காத நோயாளிக்கு இது இன்னும் ஆபத்து. குடலைத் தூண்டும் சென்னா அல்லது பிசகோடில், அதோடு தேவைப்பட்டால் நீரைப் பிடித்துவைக்கும் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால், இதுதான் இங்கே வழக்கம். இவற்றுக்கும் கேட்காதவர்களுக்கு, குடலில் மட்டும் ஓபியாய்டைத் தடுத்து, மூளையில் வலிநிவாரணத்தைக் கெடுக்காத மருந்துகள் வந்திருக்கின்றன. மீத்தைல்நல்ட்ரெக்சோன் அமெரிக்காவில் 2008இலும், நலாக்ஸெகால் 2014இலும் அனுமதி பெற்றன. மார்ஃபினிலிருந்து ஃபென்டனில் பட்டைக்கு மாறினால் சிலருக்குச் சிக்கல் குறைவதும் உண்டு.

குளோசபைன் எடுப்பவர் வீட்டில்

மற்ற மருந்துகள் எதற்கும் கட்டுப்படாமல் போன மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கப்படுவது குளோசபைன். பல குடும்பங்களுக்கு இது கடைசி நம்பிக்கை. இதன் ரத்தப் பரிசோதனை பற்றி எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று தொடக்கத்தில் வாராவாரம் பார்ப்பார்கள். குடல் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு நடப்பதில்லை. குளோசபைன் அசிட்டைல்கோலினையும் தடுக்கும், குடலசைவில் பங்குள்ள செரட்டோனின் ஏற்பிகளையும் தடுக்கும். குடல் மந்தமாவதோடு நிற்காமல் ஸ்தம்பித்து, அடைத்து, கிழிந்து உயிர்போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்கென்றே தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

நோயாளி பெரும்பாலும் புகார் சொல்வதில்லை என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய சங்கதி. வலியை உணர்வதும் சொல்வதும் இந்த நோயில் குறைந்திருக்கலாம். கேட்டால் ‘போச்சு’ என்று சொல்லிவிடுவார். அம்மாவோ மனைவியோ அண்ணனோ ஒரு காலண்டரில் குறித்துவைப்பதுதான் நம்பகமான வழி. அவமானமாகத் தோன்றலாம். ஆனால் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுத்தே தீர வேண்டும். நியூசிலாந்தின் போரிருவா என்ற ஊர் மருத்துவமனையில் குளோசபைன் நோயாளிகளுக்குச் சென்னா கலந்த மலமிளக்கியை முறையாகக் கொடுத்து, தேவைக்கேற்ப மேக்ரோகோல் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைச் சேர்த்துப் பார்த்தார்கள். குடலின் வேகம் தெளிவாகக் கூடியது. 2017இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, குளோசபைன் தொடங்கும்போதே மலமிளக்கியும் தொடங்கலாம் என்ற கருத்து வலுப்பட்டிருக்கிறது.

மனநல மருந்துச் சீட்டுகளில் இன்னொரு பெயரையும் பார்க்கலாம்: டிரைஹெக்ஸிஃபெனிடில். கை நடுக்கம், தசை இறுக்கம் குறைவதற்காகச் சேர்ப்பார்கள். இதுவும் அசிட்டைல்கோலினைத் தடுப்பதுதான். வருஷக்கணக்கில் சீட்டில் அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும், இன்னும் தேவையா என்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கேளுங்கள். நிறுத்த முடிந்தால் டாக்டரே மெல்லக் குறைப்பார்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதுவாகத் தெரிகிற மருந்துகள் கூட்டுச்சேரும்போதுதான் குடல் படுத்துவிடுகிறது. நரம்பு வலிக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ ராத்திரி ஓர் அமிட்ரிப்டிலின், அவசரமாகச் சிறுநீர் வருவதற்கு ஆக்ஸிபியூட்டினின், சளிக்கு குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரை. மூன்றும் மூன்று டாக்டர் எழுதியவை, மூன்றும் ஒரே இடத்தில் அடிப்பவை. இதற்கு மேல், மலச்சிக்கலால் வயிறு பிடித்து இழுக்கும்போது கடையில் ‘வயித்து வலி மாத்திரை’ கேட்டு வாங்குகிறோமே, அதில் பெரும்பாலும் இருப்பது டைசைக்ளோமின். அதுவும் அசிட்டைல்கோலினைத் தடுத்துக் குடலைத் தளர்த்துகிற மருந்து. வலி அடங்கும், சிக்கல் முற்றும்.

இரும்பு, கால்சியம், பிரஷர்

கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் தினமும் இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பது அரசுத் திட்டம். பாதியில் கைவிடப்படும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கர்ப்பத்தில் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் ஏற்கெனவே குடலைத் தளர்த்தியிருக்கும், அதன்மேல் இரும்பு. நிறுத்துவதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம். வேறு வகை இரும்புக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இரும்புச்சத்து குறைந்த இளம்பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்த இரும்பை உடல் கூடுதல் விகிதத்தில் உறிஞ்சியது தெரியவந்தது. ஒரு வேளை இரும்பு போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த வேளை உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடுகிறதாம். உறிஞ்சப்படாத இரும்புதான் குடலைத் தொந்தரவு செய்வது. கர்ப்பிணிகள் இந்த மாற்றத்தைத் தாங்களே செய்துகொள்ளாமல் டாக்டரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்க வேண்டும். இரும்பு மாத்திரை எடுக்கும்போது மலம் கறுப்பாகப் போவது இயல்பு. தாராகப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் அது ரத்தமாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

கால்சியம் கார்பனேட்டும் இறுக்கும். பிரஷர் மருந்துகளில் வெரபமில் பேர்போனது, டில்டியசெம் அடுத்தது, நம் ஊரில் அதிகம் புழங்கும் அம்லோடிபின் அவ்வளவு மோசமில்லை. நீர் மாத்திரைகள் உடலின் நீரையும் பொட்டாசியத்தையும் குறைத்துக் குடலைச் சோர்வாக்கும். அலுமினியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்து இறுக்கும், மக்னீசியம் கலந்தது இளக்கும். கடைகளில் விற்கும் ஜெல்களில் இரண்டையும் கலந்து வைத்திருப்பது இதற்காகத்தான். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் எடுக்கும் பிரிகாபலின், கீமோவின்போது வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான், இப்போது எடை குறைக்கப் போட்டுக்கொள்ளும் செமாகுளூட்டைட் ஊசி எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

மாத்திரையைக் குற்றம் சொல்வதற்கு முன் நோயையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவே மலச்சிக்கல் தரும். அங்கே மாத்திரையின் அளவு போதாததுதான் காரணமாக இருக்கலாம். பல வருஷச் சர்க்கரை நோய் குடல் நரம்புகளைக் கெடுக்கும். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுவதுண்டு.

டயாலிசிஸ் செய்பவர்கள்

பொதுவாகச் சொல்லப்படும் எல்லா அறிவுரையும் தலைகீழாகப் போவது இவர்களிடம். தண்ணீர் நிறையக் குடிக்க முடியாது, அளவு வைத்திருப்பார்கள். வாழைப்பழம், கொய்யா, இளநீர், கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருப்பதால் அவற்றுக்கும் கட்டுப்பாடு. ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்க ஒவ்வொரு சாப்பாட்டோடும் எடுக்கும் கால்சியம் அசிடேட்டோ செவலமரோ மலத்தை இறுக்கும், கூடவே இரும்பு மாத்திரையும் இருக்கலாம். சிறுநீரகம் வேலைசெய்யாதபோது பொட்டாசியத்தை வெளியேற்றுவதில் பெருங்குடலின் பங்கு கூடுகிறது. அதனால் இவர்களுக்கு மலச்சிக்கல் வெறும் அசௌகரியமாக நிற்பதில்லை, ரத்தப் பொட்டாசியத்தையும் ஏற்றக்கூடியது.

பக்கத்துவீட்டுக்காரர் சொன்னார் என்று பால்போன்ற வெள்ளை மக்னீசியா திரவத்தை இவர்கள் குடிக்கக் கூடாது. வெளியேற வழியில்லாமல் மக்னீசியம் ரத்தத்தில் தேங்கும். பாஸ்பேட் எனிமாவும் ஆகாது. போதிய தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு இசப்கோலும் சரியில்லை. லாக்டுலோஸ், பிசகோடில், சென்னா ஆகியவற்றிலிருந்து சிறுநீரக மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். டயாலிசிஸ் யூனிட்டில் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்களே, அங்கிருக்கும் டெக்னீஷியனிடமோ சிஸ்டரிடமோ இதைச் சொல்ல அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

மலமிளக்கி எடுத்தால் பழகிவிடுமா?

இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. ‘பழகிட்டா அப்புறம் அது இல்லாம போகாது’ என்பார்கள். டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் குடல் சோம்பேறியாகிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மலமிளக்கியை நிறுத்தினால் சிக்கல் திரும்புகிறதே என்றால், சிக்கலைத் தருகிற மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் திரும்புகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரப்படுவதால்தான் பலர் அடுக்கடுக்காக விழுங்கி, பிறகு பாத்ரூமே கதியாகக் கிடக்கிறார்கள். சென்னா, பிசகோடில் மாத்திரைகள் வேலைசெய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி படுக்கும்முன் எடுத்தால் காலையில் பலன். பிசகோடிலைப் பாலோடும் ஆன்டாசிடோடும் எடுக்கக் கூடாது. மேல்பூச்சு வயிற்றிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். லாக்டுலோஸுக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், கொஞ்சம் வாயுவும் சேரும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடருக்கு ஒன்று முதல் மூன்று நாள். வயிறு உப்புவது இதில் குறைவு. ஆசனவாய்க்குள் வைக்கிற கிளிசரின், பிசகோடில் மாத்திரைகள் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். பாரஃபின் எண்ணெய் கலந்த திரவ மலமிளக்கி, விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

சென்னா என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் நிலவாகை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவெலி சென்னா’ என்றே பெயர், அதாவது திருநெல்வேலிச் சென்னா. தென்மாவட்டக் கரிசலில் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய இலை, மேல்நாட்டு மருந்து நூல்களில் ஊர்ப்பெயரோடு இடம்பிடித்துவிட்டது. ‘மூலிகைதான், ஒண்ணும் பண்ணாது’ என்று விற்கப்படும் பல மலமிளக்கிப் பொடிகளில் இருப்பதும் இதுதான். டாக்டர் எழுதிய சென்னா மாத்திரையோடு அந்தப் பொடியையும் சேர்த்தால் அளவு இரட்டிப்பாகும். அளவுமீறிப் பேதியானால் பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரையும் டிஜாக்சினும் எடுக்கும் இதய நோயாளிக்கு அது இதயத்துடிப்பையே குழப்பும். கடுக்காய்ப் பொடியோ திரிபலாவோ எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விளக்கெண்ணெயைத் தினப்படி மருந்தாக்க வேண்டாம், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

உணவையும் உட்காரும் விதத்தையும் நான் உதறிவிடவில்லை. இரும்பு, கால்சியம், பிரஷர் மருந்து எடுக்கும், நன்றாக நடமாடும் ஒருவருக்கு அவரைக்காய், வாழைத்தண்டு, கீரை, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் நிச்சயம் உதவும். அவருக்கு இசப்கோலும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு நல்ல தேர்வுதான். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது உடலின் இயல்பு, காலையில் அது வலுவாக இருக்கும். காபி குடித்தால்தான் வருகிறது என்பவர்களைக் கேலிசெய்ய வேண்டியதில்லை, காபி உண்மையிலேயே பெருங்குடலைத் தூண்டுகிறது. காலைப் பலகாரம் முடிந்த அரை மணிக்குள், செல்போன் இல்லாமல், பத்து நிமிடம் உட்காரலாம். முழங்கால் வலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியவர்கள் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்திக்கொண்டால், குந்தி உட்காரும்போது கிடைக்கிற கோணம் பெருமளவு கிடைத்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது

அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், கடையில் கேட்டு வாங்கியவை, நாட்டுமருந்து உட்பட. ‘இந்த மாத்திரை தொடங்கி இத்தனை நாள், அதுக்கு முன்னாடி தினமும் போகும், இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவைதான் போகுது’ என்று சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. மாற்றலாமா, குறைக்கலாமா, நேரத்தை மாற்றலாமா, எதுவும் முடியாதென்றால் எந்த மலமிளக்கி என்று அவர் அந்த வரிசையில் யோசிப்பார். மருத்துவமனைக்குப் போக முடியாத முதியவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பெண்ணிடம் சொல்லலாம். அத்திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் வருகிறார்.

மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, புதிதாக ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென வழக்கம் மாறுவது ஆகியவற்றுக்குப் பெருங்குடல் பரிசோதனை தேவைப்படலாம். வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாந்தியும் எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குளோசபைன் எடுப்பவர் என்றால் வலி இல்லாவிட்டாலும் வயிறு உப்பலும் வாந்தியும் போதும், கிளம்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் மலமிளக்கி எதையும் கொடுக்கக் கூடாது.

படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். நாலைந்து நாளாகப் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியத் தொடங்கும், துணி நனையும். பேதி என்று நினைத்து லோபரமைடு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே கல்லாக இறுகிய மலம் மலக்குடலை அடைத்துக்கொண்டு நிற்க, அதைச் சுற்றி நீர் மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கும். அதற்கு நேர்மாறான மருந்தைக் கொடுத்திருப்பார்கள். மார்ஃபினோ மனநல மருந்தோ எடுக்கும் ஒருவருக்குச் சில நாள் சிக்கலுக்குப் பின் இப்படி நேர்ந்தால், எந்த மாத்திரையும் கொடுக்கும்முன் டாக்டரையோ செவிலியரையோ கூப்பிடுங்கள். கையுறை போட்டு ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தால், அடைப்பா பேதியா என்பது பெரும்பாலும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.